இரண்டு கன்னத்துக்கும் ஒரே பிரஷ்

ஜனவரி 4, புதன்

முடிதிருத்தும் சங்கரபாண்டியை வீட்டுக்கே வரவழைத்தேன். ஏழு வாரத் தாடி. என் கணவர் அலோசியஸை நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துண்டைச் சுற்றி, வலது கன்னத்தில் நுரை பிரஷை வைத்ததுதான் தாமதம், இவர் அலறி இடது கையால் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். சுவரெல்லாம் நுரை.

"யக்கா, நான் அழுத்தவே இல்லக்கா. சும்மா தொட்டேன், அவ்வளவுதான்," என்றார் சங்கரபாண்டி. அவர் முகம் வெளுத்துவிட்டது.

டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பக்கவாதம் தாக்கிய வலது கையும் காலும் மரத்துக் கிடந்தாலும், அதே பக்கத்து முகத்தோல் சிலருக்கு நேர்மாறாக ஆகிவிடுமாம். துணி உரசினாலும் எரியுமாம். சங்கரபாண்டியின் பிரஷ் பன்றிமுடி. முரடு. மகள் ஜெனிட்டா பெங்களூரிலிருந்து அனுப்பிய மின்சார மெஷின் அதைவிட மோசம். அந்த அதிர்வையே அவரால் தாங்க முடியவில்லை.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "தாடி இருந்துட்டுப் போகட்டுமே" என்கிறார்கள். வாயின் வலது ஓரம் சரியாக மூடுவதில்லை. எச்சில் தாடிக்குள் இறங்கி அடித்தோல் புண்ணாகிவிட்டது. அதை அவர்களா துடைக்கிறார்கள்?

முப்பது வருடம் கப்பலில் இஞ்சினியர். புயலிலும் ஒருநாள்கூடச் சவரம் செய்யாமல் இருந்ததில்லை என்று பெருமை பேசிய மனிதர். நேற்று குளியலறைக் கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்.

அவரிடம் பேட்ஜர் முடி பிரஷ் ஒன்று இருந்தது. பேட்ஜர் குளிர்நாடுகளில் வளை தோண்டி வாழும் பிராணி. அதன் முடி தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும், நுனி பட்டுப்போல் இருக்கும். ஹாம்பர்க் துறைமுகத்தில் வாங்கினாராம். பக்கவாதம் தாக்கிய அந்தச் செவ்வாய்க்கிழமை அது கீழே விழுந்து, பீங்கான் பிடி உடைந்துவிட்டது. நான்தான் பெருக்கி அள்ளினேன்.

கோயம்புத்தூரில் ஒருவர் கேட்கிறபடி பிரஷ் செய்து தருகிறாராம். நம்பர் கிடைத்தது.

ஜனவரி 5, வியாழன்

அவர் பெயர் நாகமாணிக்கம். ஒரு சாமான் கேட்டேன், முப்பது கேள்வி கேட்டார்.

"ஏனுங்க, சோப்புக் கட்டியில நுரை எடுப்பீங்களா, இல்ல கிரீமுங்களா?"

"எது நல்லதோ அது."

"அப்படிச் சொன்னா ஆகாதுங்க. கட்டி சோப்புன்னா முடி கொஞ்சம் விறைப்பா நிக்கோணும். கிரீமுக்கு மெத்துன்னு இருந்தாப் போதும். கிண்ணத்துல அடிக்கிறீங்களா, நேரா மொகத்துல அடிக்கிறீங்களா? கிண்ணத்துக்குன்னா முடி நீளமா இருக்கலாம். மொகத்துலயேன்னா குட்டையா, கட்டுக்குட்டா வேணும்."

முகத்தைப் பற்றிச் சொன்னேன். வலது கன்னம் தொட்டால் எரிகிறது. இடது கன்னத்தில் முடி கம்பி மாதிரி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார், வெட்டுப்படவே கூடாது.

"அப்ப ரெண்டு கன்னத்துக்கு ரெண்டு பிரஷ்ஷுங்க" என்றார். பிறகு அவரே, "ஒண்ணுலயே முடியுமான்னு பாக்கலாமுங்க. முதல்ல முடியை முடிவு பண்ணிக்கலாம், கைப்பிடி கடைசில. பிரஷ்ஷைப் பிடிக்கிறது யாருங்க? நீங்களா, அவருங்களா?"

"இடது கைக்காரருக்கும் செய்வீங்களா?" என்று கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. அலோசியஸ் தானாகச் செய்துகொண்டால் அவருக்கு நல்லது. அதற்காகத்தான்.

ஜனவரி 9, திங்கள்

அலமாரியை மூன்று முறை திறந்து மூடினேன். எதையும் எடுக்கவில்லை.

ஜனவரி 19, வியாழன்

முதல் பிரஷ் வந்தது. முடி அடர்த்தி, நுனி வெள்ளிபோல் பளபளப்பு. வெந்நீரில் நனைத்ததும் ஈர நாய் வாடை. நாலைந்து தடவை சோப்புப் போட்டு அலசினால் போய்விடும் என்று நாகமாணிக்கம் சொல்லியிருந்தார். போயிற்று.

வலது கன்னத்தில் வைத்தேன். கண்ணை இறுக்கினார். பிறகு மெல்லத் திறந்தார். எரியவில்லை! எனக்கு அழுகை வந்துவிட்டது. முட்டாள்தனம், பிரஷ்ஷுக்கு அழுவார்களா?

ஆனால் அந்த அடர்த்தி அளவுக்கு மீறித் தண்ணீரைக் குடித்திருந்தது. நுரை தளர்ந்து வாயோரமாக உள்ளே இறங்கி, புரையேறி இருமினார். இடது கன்னத்தில் முடியைத் தூக்கி நிறுத்தும் தெம்பு அந்த பிரஷ்ஷுக்கு இல்லை. ரேசர் இழுத்தது. தாடைக்குக் கீழே ஒரு கீறல், கடுகளவு. நாற்பது நிமிடம் ரத்தம் நிற்கவில்லை. பஞ்சை அழுத்தியபடி நின்றேன். இருபத்தைந்து வருடம் வேதியியல் பாடம் நடத்தியவள், எத்தனையோ பிள்ளைகளின் அமிலக் காயத்துக்கு மருந்து போட்டவள், பஞ்சை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

அவர் பதறவில்லை. என் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 20, வெள்ளி

நாகமாணிக்கத்திடம் சொன்னேன். "முடியக் கொறைச்சுக்கலாம். குட்டை பண்ணிக்கலாம். நீங்க பிரஷ்ஷை நனைச்சதும் மூணு தடவை உதறோணுங்க, பிழியக் கூடாது" என்றார். பொறுமையான மனிதர். பொறுமையானவர்களைக் கண்டால் இப்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது.

எனக்கு வேலை தந்த மாலத்தீவுப் பள்ளியிலிருந்து மறுபடி மின்னஞ்சல். நோன்பு விடுமுறை முடிந்து ஏப்ரல் கடைசியில் சேரலாமாம், மார்ச் 15-க்குள் உறுதி சொல்ல வேண்டுமாம். வீட்டு நிலைமையை எழுதியும் எனக்காக இடத்தை வைத்திருக்கிறார்கள். நான் பதில் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது?

ஜெனிட்டாவுக்கு இந்த வேலை பற்றித் தெரியாது. யாருக்கும் தெரியாது.

பிப்ரவரி 2, வியாழன்

இரண்டாவது பிரஷ். இதன் முடி குட்டை, விறைப்பு. நேராக முகத்திலேயே நுரை அடித்தேன். இடது கன்னம் அருமை. ரேசர் வெண்ணெயில் போவதுபோல் போயிற்று. வலப்பக்கம் வந்ததும் அவர் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அரை முகம் மழித்து, அரை முகத்தில் தாடியோடு உட்கார்ந்திருந்தார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஒரு பக்கமாக.

உடற்பயிற்சி சொல்லித்தர வரும் முத்துச்செல்வி பார்த்துவிட்டு, "சார், இடது கையால நீங்களே டிரை பண்ணுங்களேன். அக்கா எத்தன நாளைக்குச் செய்வாங்க?" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 6, திங்கள்

மார்க்கெட்டுக்குப் போனவள், மீன் வாங்காமல் பழைய துறைமுகம்வரை நடந்து திரும்பினேன். மாலத்தீவுக்குக் காய்கறி, செங்கல் ஏற்றும் தோணி ஒன்று நின்றது. ரசம் வைத்துச் சமாளித்தேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 14, திங்கள் மாலை. அவர் ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வருடமும் வீடு இஞ்சின் அறை. குழம்பு எத்தனை மணிக்கு, மோட்டார் எத்தனை நிமிடம், யாருக்குப் போன், எதற்கு. முப்பது வருடம் தனியாக வீட்டையும் பிள்ளையையும் பள்ளியையும் ஓட்டியவள் நான். வேலை உத்தரவை அவர்முன் வைத்து, "ரெண்டு வருஷத்துக்குப் போறேன்" என்றேன்.

"எங்க?"

"மாலத்தீவு. பதினோராங் கிளாஸ், பன்னெண்டாங் கிளாஸுக்கு கெமிஸ்ட்ரி."

"இந்த வயசுலயா? இங்க யாரு பாப்பா?"

"நீங்க போகும்போது இங்க யாரு பாத்தா?"

கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். "நான் கேட்கல, சொல்றேன். நீங்க தடுத்தா திரும்பியே வர மாட்டேன்" என்றும் சொன்னேன். அவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். சாப்பிடவும் இல்லை.

மறுநாள் காலை ஏழேகாலுக்குக் குளியலறையில் பிரஷ் விழுந்து உடையும் சத்தம். பிறகு அவர் விழுந்த சத்தம்.

மருத்துவமனையில் டாக்டர், "ஏதாவது டென்ஷனா?" என்று கேட்டார். "அப்படி ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவருக்கு அந்தத் திங்கள் மாலை நினைவிருக்கிறதா என்று தெரியாது. பேச்சு புரிவதில் குறையில்லை, வார்த்தை வெளியே வரத்தான் நேரமாகிறது என்கிறார்கள். நான் கேட்கவில்லை. உத்தரவு அலமாரியில் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

பிப்ரவரி 11, சனி

நாகமாணிக்கத்தைக் கூப்பிட்டேன். "முடி ரெண்டுக்கும் நடுவுல வைங்க. கைப்பிடி என் கைக்கு. நான்தான் பிடிப்பேன்."

"இடது கைன்னு சொன்னீங்களே?"

"அது வேண்டாம். என் கைக்கே போடுங்க. ரொம்ப வருஷம் தாங்கணும்."

பள்ளிக்கு மறுப்புக் கடிதம் எழுதி வைத்தேன். அனுப்பு பொத்தானை அமுக்கவில்லை. மின்சாரம் போய்விட்டது.

(மின்சாரம் போனது உண்மை. ஆனால் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.)

பிப்ரவரி 23, வியாழன்

இரண்டாம் பிரஷ்ஷால் இடப்பக்கம், முதலாம் பிரஷ்ஷால் வலப்பக்கம். ஒரு சவரத்துக்கு முக்கால் மணி. முதுகு வலிக்கிறது.

அவர் எந்நேரமும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கப்பல் வீடியோ பார்க்கிறார்போலும். நான் பக்கத்தில் போனால் கவிழ்த்துவிடுகிறார். முத்துச்செல்வி வலது கையில் பென்சிலைக் கட்டிக் கோடு போடப் பழக்குகிறாள். காகிதம் காகிதமாக வீணாகிறது. இரண்டு பேரும் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பிசியோதெரபியில் என்ன ரகசியம்?

மார்ச் 6, திங்கள்

பார்சல் வந்தது. பிரித்ததும் ஆத்திரம் வந்தது. நான் எதிர்பார்த்தது மெலிந்த கைப்பிடி. வந்தது குட்டையாக, அடி கனத்து, எலுமிச்சை அளவு உருண்டை. ஒரு பக்கம் கட்டைவிரலுக்குக் குழி. என் வலது கையில் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் பொருந்தவில்லை. உடனே போன் போட்டேன்.

"என்னங்க இது? என் கைக்குன்னு தெளிவாச் சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அப்புறம் சாரு மெசேஜ் போட்டாருங்க."

"எந்தச் சாரு?"

"உங்க வீட்டுக்காரருதானுங்க. முதல் பார்சல் அட்டையில என் நம்பர் இருந்துதல்ல? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். இருங்க, படிக்கறேன்." கண்ணாடியைத் தேடினார்போல. "'மனைவி வெளிநாடு வேலை. நான் தனி. இடது கை. மாத்தவும்.' நாலு நாள் நாலு மெசேஜுங்க. எழுத்தெல்லாம் விட்டு விட்டு இருந்துது. கை அளவு வேணும்னேன், ஒரு காகிதத்துல இடது கையை வெச்சு வரைஞ்சு போட்டோ அனுப்பிச்சாரு. அந்தக் கோடு அப்படி நெளிஞ்சிருந்துதுங்க. என்னங்க சார் இதுன்னு கேட்டேன். 'வலது கை வரைந்தது'ன்னு போட்டாரு."

நான் பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றிப் பிடித்துப் பார்த்தேன்.

"எதாச்சும் தப்பாப் போச்சுங்களா?" என்றார்.

"இல்ல. நல்லாருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மார்ச் 7, செவ்வாய்

காலைக் காப்பியை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"என்னங்க, அன்னைக்குச் சாயங்காலம் நான் பேசினது ஞாபகம் இருக்கா?"

தலையசைத்தார். "எல்... லாம்."

"அப்போ ஏன் சொல்லல?"

"நீ... கேக்கல."

சரிதான். நான் கேட்கவில்லை. பிறகு சொல்லிவிட்டேன், நாலு மாதமாக உள்ளே கிடந்ததை: "நான் பேசினதாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சு."

அவர் வேகமாகத் தலையாட்டினார். வார்த்தைக்காகத் தவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு எழுந்து, ஊன்றுகோலோடு அறைக்குள் போய், கப்பலுக்குக் கொண்டுபோகும் பழைய தோல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து என் மடியில் கவிழ்த்தார். ரத்த அழுத்த மாத்திரை அட்டைகள். பிரிக்காதவை. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். மாதாமாதம் நான்தான் வாங்கிக் கொடுத்தேன்.

"போ... டல," என்றார். "தலை... சுத்தும். ஆம்... பள... திமிரு." அந்தக் கடைசி வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. "நீ... இல்ல. மெர்சலி. நீ இல்ல."

நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். அப்படி ஒரு கோபம் எனக்குள் இருப்பதே தெரியாது. அட்டைகளை அவர்மேலேயே எறிந்தேன். "நாலு மாசம்! நாலு மாசமா நான் கொலைகாரி மாதிரி நடமாடுறேன், உங்களுக்குத் தெரியுமா? டாக்டர்ட்ட பொய் சொன்னேன். பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட சொல்லி அழுதேன். நீங்க வாயத் தொறக்கல!" என்று கத்தினேன். வாய் திறக்க முடியாதவரிடம் இதைச் சொல்கிறோம் என்பதுகூட உறைக்கவில்லை.

அவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. மதியம் சோறு போட்டேன். டொங்கென்று வைத்தேன்.

மார்ச் 8, புதன்

பேசவில்லை.

மார்ச் 9, வியாழன்

கொஞ்சம் பேசினேன். உப்புப் போதுமா என்று கேட்டேன்.

மார்ச் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் அவர் குளியலறைக்குள் போனார். புது பிரஷ்ஷை எடுத்தார். நான் பின்னாலேயே போனேன். கையால் வெளியே காட்டினார். கதவைச் சாத்தவில்லை, ஒருக்களித்து வைத்தார். நான் வெளியே நின்றேன். எனக்குக் கண் தெரியாத மாதிரியும் காது மட்டும் இருக்கிற மாதிரியும் இருந்தது. குழாய். மூன்று உதறல். எனக்கு நாகமாணிக்கம் சொன்னதைத்தான் அவரும் செய்கிறார். பிறகு பிரஷ் கட்டி சோப்பில் சுழலும் ஈரச் சத்தம். கனத்த அடி என்பதால், நடுவில் கீழே வைத்தபோது உருளாமல் நின்றது, 'டக்' என்று. கிண்ணம் பிடிக்க இன்னொரு கை வேண்டியதில்லை. முகத்திலேயே நுரை.

ஒருமுறை ஸ்ஸ் என்றார். என் கை கதவில் பட்டது. "வே... ணாம்," என்று உள்ளிருந்து குரல்.

ஐம்பது நிமிடம். வெளியே வந்தார். இடது கன்னத்தில் அந்தக் குட்டை முடியை அழுத்தியிருக்கிறார், வலது கன்னத்தில் வெறும் நுனியால் பூசியிருக்கிறார். இரண்டு மாதமாக நாகமாணிக்கத்துக்கும் எனக்கும் பிடிபடாதது அவர் கைக்குப் பிடிபட்டிருக்கிறது. ஒரே பிரஷ், அழுத்தம்தான் வேறு. வெட்டு எதுவும் இல்லை. மோவாய்க்கு அடியில் ஒரு திட்டு முடி அப்படியே நின்றது. எடுத்துவிடலாமா என்று கை பரபரத்தது. விட்டுவிட்டேன்.

கண்ணாடியை மறைத்திருந்த துண்டு இப்போது அவர் தோளில் கிடந்தது.

மார்ச் 14, செவ்வாய்

ஜெனிட்டாவிடம் போனில் வேலை விஷயத்தைச் சொன்னேன். முதலில் நம்பவில்லை. பிறகு, "அப்பாவ இந்த நிலைமைல விட்டுட்டாம்மா?" என்றாள். பதில் சொல்வதற்குள் அவர் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"நான்... அனுப்புறேன்," என்றார்.

அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. பகல் நேரத்துக்கு ஒரு ஆள், ஜெனிட்டா இரண்டு மாதம் இங்கிருந்தே வேலை, முத்துச்செல்வி வாரத்துக்கு நான்கு நாள். எல்லாம் பேசி முடிவாயிற்று. ஜெனிட்டாவுக்கு என்மேல் கோபம் முழுசாகப் போகவில்லை. போகாது. நானே அவள் வயதில் அப்படித்தான் இருந்திருப்பேன்.

மாலையில் மறுப்புக் கடிதத்தை அழித்துவிட்டு வேறொன்று எழுதினேன். கெடுவுக்கு ஒரு நாள் முன்னால். அவர் பக்கத்தில் உட்கார்ந்து என் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டினார். வந்த கோபத்தில் அனுப்பு பொத்தானை அமுக்கிவிட்டேன்.

ஏப்ரல் 20, வியாழன்

மாத்திரை டப்பாவை நாள்வாரியாக நிரப்பினேன். அவர் முன்னாலேயே. "போடலேன்னா, லீவு போட்டுட்டு வந்து அடிப்பேன்" என்றேன். தலையாட்டினார். நம்பலாமா தெரியவில்லை. ஜெனிட்டாவிடமும் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெட்டி ஒன்றுதான். மூன்று தடவை பிரித்து அடுக்கிவிட்டேன்.

மே 4, வியாழன்

தீவின் ஒரு முனையில் நின்றால் மறுமுனைக் கடல் தெரிகிறது. ஐந்து நாளாக உள்ளங்கால் நிற்க மாட்டேன் என்கிறது. விடியற்காலையில் ஒரு முறை, பள்ளி விட்டதும் ஒரு முறை, தீவை முழுசாகச் சுற்றி வருகிறேன். ஆய்வகத்தில் பாதிப் புட்டிகளுக்கு லேபிள் இல்லை. பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

வந்த முதல் மூன்று நாள், அவருக்கு என்னாகுமோ என்று மணிக்கொரு தரம் ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன். "அம்மா, விடுறியா?" என்று சொல்லிவிட்டாள்.

இன்று முதல் வகுப்புக்குமுன் ஆசிரியர் அறையிலிருந்து அவருக்கே வீடியோவில் கூப்பிட்டேன். குளியலறையில் இருந்தார். இடது கன்னம் முழுக்க நுரை, வலது கன்னம் இன்னும் வெறுமை. போன் இடது கையில், பிரஷ் சோப்பின்மேல் நின்றபடி.

"மாத்திரை?" என்றேன்.

"போட்... டாச்சு."

"சாப்பிட்டீங்களா? ராத்திரி எத்தன தடவை எந்திரிச்சீங்க? அந்த ஆளு நேரத்துக்கு வர்றாரா? வலது கன்னம் எரியுதா?"

ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனேன். அவர் என்னைப் பார்த்தார், பிரஷ்ஷைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். கன்னத்தில் நுரை காய ஆரம்பித்திருந்தது. நுரை காய்ந்தால் ரேசர் இழுக்கும் என்பது எங்கள் இருவருக்குமே தெரியும்.

"மெர்சலி," என்றார். "ஒரு... கை... தான்."

போனை வைத்துவிட்டார்.

கையில் இருண்ட திரையோடு சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக் கணக்கு டீச்சர் என்ன என்று திரும்பிப் பார்த்தார். மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.